பழைய லாம்ப்ஷேடு வாங்கி வண்ணம் பூச நினைப்பவர்களுக்கு: என் 1,850 ரூபாய் போனது இப்படித்தான்

மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தும் என் விரல் நுனிகளில் அந்தப் பெயின்ட்டின் பிசுக்கு இன்னும் போகவில்லை. அதே கையோடு இதை எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். அந்தக் கடைக்காரர் அடுத்த ஆளிடமும் இதையே செய்வார்.

நாங்கள் செங்கோட்டைக்காரர்கள். அம்மாவுக்குச் சென்ற மாதம் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு இரவில் டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். கட்டில் ஓரத்தில் துணி மூடிய விளக்கு ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று தென்காசியில் விசாரித்தேன். நான் கேட்ட கடைகளில் 3,000 ரூபாய்க்குக் குறைந்து எதுவும் இல்லை. துணிப் பைகளிலும் தலையணை உறைகளிலும் வண்ணம் பூசிப் பழகியவள் நான். பழைய லாம்ப்ஷேடு ஒன்றை வாங்கி, அம்மாவுக்குப் பிடித்த இளம் மஞ்சளில் நானே பூசிவிட்டால் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தவறு இல்லை, போன இடம்தான் தவறு.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், கட்டில், விளக்கு எல்லாம் வாங்கி விற்கும் கடை அது. நாம் காயலான் கடை என்போம், அவர்கள் ஆக்ரிக்கடை என்பார்கள். இது அதைவிடக் கொஞ்சம் மேலான வகை. 1956 நவம்பர் வரை எங்கள் ஊரே அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததுதான். என் சித்தி புனலூரில் வாழ்க்கைப்பட்டவர். ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் வேறு மாநிலம் என்ற நினைப்பே எங்களுக்கு வருவதில்லை. அதனால் எந்தச் சந்தேகமும் இல்லாமல்தான் போனேன்.

பித்தளைத் தண்டும், வெள்ளைத் துணி போர்த்திய ஷேடும் கொண்ட விளக்கைக் கடைக்காரரே எடுத்து வந்து என் கையைத் துணியின் மேல் வைத்து, "தொட்டு நோக்கிக்கோளூ சேச்சி, நல்ல காட்டனாணு" என்றார். எரிய வைத்துக் காட்டச் சொன்னேன். கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு, அதே விளக்கு எரிவதுபோல் ஒரு படத்தைத் தன் கைபேசியில் காட்டினார். துணிக்கான பெயின்ட் தன்னிடமே இருக்கிறது, தண்ணீரில் கரைவது, எதிலும் பிடிக்கும் என்று சொல்லி, லேபிள் இல்லாத இரண்டு சிறு பிளாஸ்டிக் புட்டிகளையும் ஒரு பிரஷையும் எடுத்து வைத்தார். விளக்கு 1,250, பெயின்ட் 650, மொத்தம் 1,900. யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு, கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றேன். உடனே 50 ரூபாயைக் குறைத்து, அம்மா நன்றாக இருக்கட்டும் என்றார். அந்த 50 ரூபாயில் என் வாய் அடைத்துப் போயிற்று. பில் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் நீட்டிய க்யூஆர் கோடில் பணம் அனுப்பியபோது கடைப் பெயர் வரவில்லை, ஒரு பெண்ணின் பெயர் வந்தது. மனைவியாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, தூசி போகட்டும் என்று ஈர ஸ்பாஞ்சால் மெதுவாக ஒற்றினேன். ஸ்பாஞ்சோடு மாவு மாதிரி வெள்ளை வந்தது. சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரைத் துணி முழுக்கப் பூசி வைத்திருக்கிறார்கள்! சந்தேகம் வந்து ஷேடுக்குள் கைபேசியின் டார்ச்சை விட்டுப் பார்த்தேன். எட்டணா அளவில் கருகிய வட்டம் ஒன்றும், அடி விளிம்பைச் சுற்றி ஈரம் ஏறிய பழுப்புக் கறையும் தெளிவாகத் தெரிந்தன. சரி, வண்ணத்தில் மறைந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு புட்டியைத் திறந்தேன். தின்னர் வாசனை. இரும்புக்கும் மரத்துக்கும் அடிக்கிற எனாமலை வேறு புட்டியில் ஊற்றித் துணிப் பெயின்ட் என்று கொடுத்திருக்கிறார். தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன், எண்ணெய் போலத் திரிந்து மிதந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். 1,850 ரூபாய் போட்டாயிற்றே என்ற நினைப்பில் ஒரு கோட் அடித்துவிட்டேன்.

இது ஆடிச் சாரல் காலம், ஈரக்காற்று. மூன்று நாள் கழித்தும் தொட்டால் ரேகை பதிந்தது. நான்காம் நாள் அவர் கொடுத்த 60 வாட் குண்டு பல்பைப் போட்டேன். அரை மணி நேரத்தில் அறை முழுக்க நெடி, அம்மாவுக்கு இருமல். குண்டு பல்பு இழுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகும். அதன் பக்கத்தில், காயாத எனாமல் பூசிய துணி! அணைத்துவிட்டுப் பார்த்தபோது ஹோல்டர் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒயர் தோல் உரிந்து, டேப் சுற்றப்பட்டிருந்தது. தீப்பிடித்திருந்தால்? அம்மா அதன் கீழேதான் படுத்திருந்தார்.

முதல் நாள் போன் செய்தபோது "நாளெ விளிக்காம்", நாளை கூப்பிடுகிறேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை. அடுத்து, முதலாளி ஊரில் இல்லை என்று அதே குரல் சொன்னது. படங்கள் அனுப்பினேன், நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. பிறகு ஒரு வரி வந்தது, நான் தண்ணீர் தொட்டதால்தான் கெட்டுப்போனது என்று. விளக்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு முதல் பேருந்தில் மலையேறிப் போனேன். வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "பில் எவிடெ?" என்றார். பணம் அனுப்பிய பதிவைக் காட்டினேன். அது கடைக் கணக்கு இல்லை என்றார். கடைசியில் அவர் சொன்னதுதான் என்னை எரிய வைத்தது: நீங்கள் தமிழ்நாடு, புகார் கொடுப்பதென்றால் இங்கே வந்து அலைய வேண்டும், 1,850 ரூபாய்க்கு அது தேவையா?

தேவைதான். அவர் சொன்னது பொய்யும்கூட. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணமும் கிடையாது. பில் கொடுக்காமல் விற்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். முந்தாநாள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசிப் புகார் எண் வாங்கிவிட்டேன். அன்று மாலையே கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

குறைந்த செலவில் ஷேடுக்கு வண்ணம் பூசும் முறையை விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். எரிய வைத்துக் காட்டாத விளக்கை வாங்காதீர்கள். கரண்ட் இல்லை என்றால் டார்ச்சை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். லேபிள் இல்லாத பெயின்ட் வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் துணி வண்ணமே போதும், அதையும் மெலிதாகத்தான் ஒற்ற வேண்டும். குண்டு பல்பைத் தூக்கிப் போட்டுவிட்டு 9 வாட் எல்இடி போடுங்கள். விலையைக் குறைத்தாலும் பில் கேளுங்கள்.

அந்த ஷேடு இப்போது திண்ணையில் கிடக்கிறது. இன்று காலை பார்த்தபோது ஈசல்கள் ஒட்டியிருந்தன. பன்னிரண்டு நாள் ஆயிற்று, இன்னும் காயவில்லை.