அச்சுப் படலத்தின் அடியில் நானோகுழாய்: பயன்படுத்தியவனின் புலம்பல்

"மூலக்கூறு அச்சுப் பதித்த சென்சாருக்கு அடியில் கார்பன் நானோகுழாய் பூசித்தான் ஆக வேண்டுமா?" என்று நண்பர் கேட்டார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். இந்தக் குழாய்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவனுக்கு அப்படி விட மனம் வரவில்லை.

என் அமைப்பு எளியது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் மின்முனை, அதன்மேல் பலசுவர் நானோகுழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய நுண்ணிய கார்பன் குழாய்கள்), அதற்கும் மேல் ஆர்த்தோ பினைலீன்டையமீன் என்ற சிறு மூலக்கூறை மின்வேதி முறையில் கோத்து வளர்த்த பாலிமர் படலம். தேடும் பொருள் பாராசிட்டமால். அதன் மூலக்கூறைச் சுற்றிப் படலத்தை வளர்த்து, பிறகு அதைக் கழுவி எடுத்தால் அதே வடிவில் குழிகள் மிஞ்சும்; அதே மூலக்கூறு மறுபடி வந்தால் அவை பிடித்துக்கொள்ளும். அச்சுப் பதிப்பது என்பது இவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாய் பூசியதும் பாராசிட்டமால் தரும் மின்னோட்ட உச்சம் எழும்பி நிற்கும் அழகைப் பார்த்தவருக்கு வெறும் மின்முனை சப்பென்றுதான் இருக்கும். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. தடித்த படலத்தின் ஆழத்தில் சிக்கிய மூலக்கூறு எவ்வளவு கழுவினாலும் வெளியே வராது. பரந்த பரப்பில் மெல்லிய படலம் படர்ந்தால் குழிகள் மேற்பரப்பை ஒட்டியே அமைகின்றன; கழுவுவதும் சுலபம், மறுபடி பிடிப்பதும் சுலபம்.

இனி என் வயிற்றெரிச்சல். அச்சு மூலக்கூறு சேர்க்காமல், மற்றதெல்லாம் அப்படியே வைத்துச் செய்யும் ஒப்பீட்டு மின்முனை இருக்கிறதல்லவா, குழாய் பூசினால் அதுவும் சேர்ந்து துள்ளுகிறது! பாராசிட்டமாலில் பென்சீன் வளையம் இருக்கிறது. நானோகுழாயின் சுவர் முழுவதும் அறுகோணக் கார்பன் வளையங்கள். இரண்டும் பை எலக்ட்ரான்களின் தயவில் தாமே ஒட்டிக்கொள்ளும்போது குழி எதற்கு, அச்சு எதற்கு? படலம் மூடாமல் விட்ட இடமெல்லாம் வந்தவரையெல்லாம் அனுமதிக்கும் திறந்த வாசல். அச்சுள்ளதன் மின்னோட்டத்தை அச்சற்றதன் மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது அச்சுக் காரணி. உச்சம் ஏற ஏற என் கையில் அது 1-ஐ நோக்கி இறங்குகிறது. படலம் வளர்க்கும் மின்னழுத்தச் சுழற்சிகளைக் கூட்டி மூடப் பார்த்தால், இந்தப் படலம் மின்சாரம் கடத்தாதது என்பதால் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. கடத்தும் படலம் தரும் பைரோலுக்கு மாறித் தடிப்பாக்கினாலோ அச்சு மூலக்கூறு உள்ளேயே புதைகிறது.

பரப்பு கூடினால், பாராசிட்டமால் இல்லாதபோதும் ஓடும் பின்னணி மின்னோட்டமும் கூடும். வெற்றுக் கரைசலின் திட்டவிலக்கத்தை 3-ஆல் பெருக்கி, செறிவுக்கு எதிரே மின்னோட்டத்தை வரைந்த அளவீட்டுக் கோட்டின் சரிவால் வகுத்தால் கண்டறியும் எல்லை, அதாவது கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவு. சரிவோடு இரைச்சலும் சேர்ந்து ஏறினால் லாபம் எங்கே?

பூசுவதும் ஒரு தொல்லை. 5 மைக்ரோலிட்டர் சொட்டு காயும்போது குழாய்களெல்லாம் விளிம்புக்கு ஓடிக் கரிய வளையமாகப் படிகின்றன; நடுவில் மங்கிய சாம்பல்தான் மிச்சம். அடுத்த மின்முனையில் வளையம் வேறு வடிவம். போதாக்குறைக்கு, குழாய்களை வளர்க்கப் பயன்பட்ட இரும்பு, நிக்கல், கோபால்ட் எச்சங்கள் தங்கிவிட்டால் அவையும் வினையூக்கியாகி மின்னோட்டத்தில் கை வைக்கும். அமிலத்தில் கழுவினாலும் எல்லாம் போவதில்லை.

குழாய்க்குப் பதிலாக அடியில் போடக்கூடிய தங்க நானோத்துகளிடம் எனக்கு இந்தக் கோபம் இல்லை. தங்கம் கொண்ட குளோரோஆரிக் அமிலக் கரைசலில் மின்முனையை நிறுத்தி ஒடுக்கும் மின்னழுத்தம் கொடுத்தால் துகள்கள் அங்கேயே விளைகின்றன. 0.5 மோலார் கந்தக அமிலத்தில் ஒரு மின்னழுத்தச் சுழற்சி ஓட்டி, தங்க ஆக்சைடு ஒடுங்கும் உச்சத்தின் மின்னூட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 390 மைக்ரோகூலோம் என்ற வழக்கமான மதிப்பால் வகுத்தால் எவ்வளவு பரப்பு கிடைத்தது என்பதும் தெரிந்துவிடும். குழாயிடம் இப்படிக் கணக்குக் கேட்க முடியுமா?

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. அச்சுக்குப் பதிலாக எதிர்ப்பொருள் (உடல் நோய்க்கிருமியைப் பிடிக்க உண்டாக்கும் புரதம்) வைத்த சென்சார்கள் குளிர்பதனப் பெட்டியை விட்டு வெளியே வந்தால் முகம் வாடும். இந்தப் பாலிமர் படலமோ மேசை இழுப்பறையில் கிடந்துவிட்டு வந்து ஒழுங்காக வேலை செய்கிறது.

ஆகவே நண்பரே, முதலில் வெறும் மின்முனையில் அச்சுக் காரணி என்னவென்று பாருங்கள். போதவில்லை என்றால் தங்கம் போடுங்கள். நானோகுழாய் வேண்டவே வேண்டாம். அப்படியானால் உங்களிடம் இருக்கும் புட்டியைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். செறிவு மிகக் குறைந்த மாதிரி வந்தால் அந்த உச்சம் எனக்கு வேண்டும்.