டீப்பாய்க்குப் பதில் ஒட்டோமான்: ட்ரே ஆடுமா, ஆடாதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி டீப்பாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டோமான், அதாவது சாய்மானம் இல்லாத தாழ்வான மெத்தை இருக்கை, வாங்கிப் போட்டதில் எனக்குத் திருப்திதான். ஆனால் டீப்பாய் செய்த வேலையை எல்லாம் அது செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதி வேலையைத்தான் செய்யும். மிச்சத்தை அதன் மேல் வைக்கும் ட்ரேதான் செய்ய வேண்டும். அதனால் இங்கே ட்ரேயைப் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

நான் வாங்கியது நீள்சதுரம். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், 17 அங்குல உயரம். சாம்பலும் பழுப்பும் கலந்த, நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணி. அடியில் மரக்கால்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்க இடம். ஆழம் ஏழு அங்குலம்தான், ஆனால் இரண்டு போர்வையும் சில குஷன் உறைகளும் தாராளமாக அடங்குகின்றன.

உயரத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: சோபாவில் நாம் உட்காரும் மட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், அல்லது ஓரிரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. காலி சோபாவை அளந்தால் 18 அங்குலம் வரும். ஆள் உட்கார்ந்ததும் மெத்தை அமுங்கி 16 ஆகிவிடும். ஒட்டோமானின் மேல் கால் நீட்டும்போதும் அது கொஞ்சம் அமுங்கும், ஆனால் காலின் எடைக்கு அவ்வளவு இறங்காது. அப்பாவுக்கு முட்டி வலி இருப்பதால் அவரை சோபாவில் உட்கார வைத்துத்தான் அளந்தேன். "என்னை எதுக்கும்மா அளக்கற?" என்று சிரித்தார். இப்போது அதிகம் கால் நீட்டுவது அவர்தான்.

நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பார்வைக்குப் பொருந்தும். எங்களுடையது ஆறடி சோபா, அதனால் நாலடி சரியாக அமைந்தது. சோபாவுக்கும் ஒட்டோமானுக்கும் நடுவில் 14 முதல் 18 அங்குலம் விடச் சொல்வார்கள். அதற்குக் குறைந்தால் எழுந்து போகும்போது முட்டி இடிக்கும். கூடினால் கோப்பையை எடுக்க முன்னால் சரிய வேண்டும். நான் 16 விட்டிருக்கிறேன். வாங்கும் முன் செய்தித்தாளை அந்த அளவுக்கு விரித்துப் போட்டு, வீட்டில் எல்லாரையும் அதைச் சுற்றி நடக்கவிட்டுப் பார்ப்பது நல்லது.

இனி முக்கியமான விஷயம். ஒட்டோமான் பிறப்பிலேயே இருக்கை. ஒட்டோமான் பேரரசில் சுவரோரம் போட்டிருந்த தாழ்வான மெத்தை ஆசனங்களைப் பார்த்து, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அது. கோப்பை வைப்பதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. மேல்பரப்பு நடுவில் லேசாகப் புடைத்திருப்பது இருக்கைக்கு அழகு, ட்ரேக்கு ஆபத்து. கடையில் எல்லாரும் நிறத்தைப் பார்ப்பார்கள், துணியைத் தடவுவார்கள். நான் ட்ரேயையும் தண்ணீர் நிரப்பிய டம்ளரையும் கேட்டு வாங்கினேன். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்த்தார். சரி, பார்த்துவிட்டுப் போகட்டும். ட்ரேயை ஒரு பக்கம் வைத்து, டம்ளரை அதன் மேல் வைத்து, மறுபக்க ஓரத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் தளும்பினால் அது எனக்கு ஆகாது.

இந்தச் சோதனையில் முதலில் பார்த்த ஒட்டோமான் தோற்றது. பார்க்க மிக அழகானதும் அதுதான். காரணம் உள்ளே இருந்தது. ஃபோமுக்கு அடியில் பலகைக்குப் பதிலாக எலாஸ்டிக் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். உட்கார அது சுகம்தான். ஆனால் ஒருவர் உட்கார்ந்தால் மொத்தப் பரப்பும் அவர் பக்கம் சரியும், ட்ரேயும் கூடவே சரியும். நான் வாங்கியதில் ப்ளைவுட் பலகை, அதன் மேல் கெட்டியான ஃபோம். உட்கார்ந்த இடம் மட்டும் அமுங்குகிறது, ட்ரே பக்கம் அசைவதில்லை. டீப்பாயாகவும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அடியில் இருப்பது பலகையா பட்டையா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். மூடி உள்ளவற்றில் பெரும்பாலும் பலகைதான் இருக்கும். மூடியைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பட்டன் வைத்துக் குழி குழியாக இழுத்துத் தைத்த வகையும் உண்டு. எனக்குப் பிடித்த தோற்றம்தான், ஆனால் குழியில் துணுக்குகள் சேரும், சின்ன ட்ரேயாக இருந்தால் மேடு பள்ளத்தில் ஆடும். பெரிய ட்ரே பல மேடுகளின் மேல் உட்காருவதால் பரவாயில்லை.

தைத்துப் பழகிய கை என்பதால் துணியை விட தையலைத்தான் அதிகம் பார்த்தேன். விளிம்பில் பைப்பிங், அதாவது தையலோடு சேர்த்துத் தைத்த கயிறு போன்ற துணிப்பட்டை, இருந்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் தேய்வது அதுதான், ஏனென்றால் குதிகாலும் ட்ரேயும் உராய்வது அங்கேதான். இதில் பைப்பிங் இல்லை, இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள், மூலைகளில் துணி சுருங்காமல் மடித்திருக்கிறார்கள். குறை என்னவென்றால், உறையைக் கழற்ற முடியாது. ஜிப் இல்லை, பலகையோடு ஸ்டேப்பிள் அடித்துவிட்டார்கள். கழற்றித் துவைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எனவே துணியில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். டபிள்யூ என்றால் தண்ணீர் கலந்த சோப்பு நுரையால் துடைக்கலாம். எஸ் என்றால் தண்ணீர் படக்கூடாது, அதற்கான கரைப்பான் வேண்டும். எக்ஸ் என்றால் வாக்வம் மட்டும்தான். டீப்பாய் இடத்தில் எஸ், எக்ஸ் இரண்டையும் நான் வைக்க மாட்டேன். துணி எத்தனை உராய்வைத் தாங்கும் என்று காட்ட மார்ட்டின்டேல் என்று ஓர் எண் தருவார்கள். தினமும் கால் உராயும் பொருளுக்கு அது 25,000-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

வெல்வெட்டில் ட்ரே இருந்த இடம் தடமாகப் பதியும். பூக்ளே துணியின் வளையங்களைப் பூனை விட்டுவைக்காது. நல்ல தோலைத் துடைப்பது சுலபம், ஆனால் ட்ரே வழுக்கும். தோல் துகள்களை ஒட்டி மேலே பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூசியதையும் தோல் என்றே விற்கிறார்கள். அது நாளாவட்டத்தில் உரியும்.

இதன் பெரிய தொல்லை மூடிதான். உள்ளே இருந்து ஒரு போர்வை எடுக்க வேண்டுமென்றால் ட்ரேயை முழுதாகத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. எனவே அடிக்கடி தேவைப்படாத சாமானைத்தான் உள்ளே வைக்கிறேன். கீல் நன்றாக இருக்கிறது, மூடி மெதுவாக இறங்குகிறது. அக்காவின் பிள்ளைகள் வந்து திறந்து மூடி விளையாடும்போது விரல் நசுங்குமோ என்ற பயமில்லை. கண்ணாடி டீப்பாயின் கூர் மூலைகள் போனதே எனக்குப் பெரிய நிம்மதி. வந்தபோது ஒரு கால் கொஞ்சம் குட்டையாக இருந்தது. புகார் சொன்ன பிறகு திருகி உயர்த்தும் பாதம் ஒன்றை அனுப்பினார்கள். தாமதமாகத்தான் வந்தது.

அலங்காரத்துக்கு வருவோம். ட்ரே மேல்பரப்பில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது என் கட்சி, மறுபாதி காலுக்கு. என் ட்ரே மரத்தாலானது, ஒன்றரை அங்குல விளிம்பு, கைப்பிடியாக இரண்டு பக்கமும் துளை. விளிம்பில்லாத பலகை ட்ரேக்கள் படத்தில் நன்றாக இருக்கும், வீட்டில் வேண்டாம். அடியில் ஃபெல்ட் ஒட்டியிருக்கிறேன், துணி சிராய்க்காமல் இருக்க. அதில் இருப்பவை: ரிமோட்டுக்கு ஒரு கிண்ணம், படித்துக்கொண்டிருக்கும் புத்தகங்கள், ஒரு குட்டைச் செடி. உயரமானது எதுவும் வைத்தால் எதிரில் இருப்பவர் முகம் மறையும். மெழுகுவர்த்தி வைக்கச் சொல்லும் படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். துணியும் ஃபோமும் அடைத்த பொருளின் மேல் தீயா?

சோபாவும் ஒட்டோமானும் ஒரே துணியில் இருக்க வேண்டியதில்லை. ஒரே துணியானால் அறை முழுக்க ஒரே மேட்டுப்பரப்பாகத் தெரியும். எங்கள் சோபா அடர்நீலம், வெறும் துணி. அதனால் இதில் நெசவு தெரிகிற வெளிர் நிறம் எடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நீலமும் பழுப்பும் கலந்த ஒரு குஷன் போதும்.

சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்பவர்கள், டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுபவர்கள், கோப்பையைக் கண்ட இடத்தில் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்குக் கெட்டியான மேல்பரப்புதான் வேண்டும். கால் நீட்டவும் ஆசை இருந்தால், கீழே காலியிடம் உள்ள சாதாரண டீப்பாயும், அதன் அடியில் தள்ளிவிடக்கூடிய இரண்டு சின்னச் சதுர ஒட்டோமானும் வாங்கலாம். விருந்தினர் வந்தால் அவற்றை வெளியே இழுத்துப் போட்டு உட்காரவும் ஆகும்.