டென்னிஸ் எல்போ: லேசரா, ஊசியா, பயிற்சியா?

ஈரத்துணியைப் பிழியும்போது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் சுரீரென்று இழுக்கும். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இந்த 'டென்னிஸ் எல்போ' வலி வரும். மணிக்கட்டை மேலே தூக்கும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அந்த முனையில்தான் பற்றியிருக்கிறது. வலி நாள்பட்டுவிட்டால் அங்கே அழற்சியைவிடத் தசைநாணின் நார்கள் சிதைவதே அதிகம்.

அதனால்தான் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசியைப் பார்த்து எனக்குப் பயம். வேகத்தில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை, சில நாட்களிலேயே கை லேசாகிவிடும். ஆனால் 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஸ்டீராய்டு போட்டுக்கொண்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான்.

லேசர் அப்படித் திருப்பி அடிப்பதில்லை. குறைந்த திறன் லேசர் சுடாது, குத்தாது. வலிக்கும் முனையில் கருவியை அழுத்திப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துவார்கள். ஆனால் 'லேசர்' என்ற பெயரை மட்டும் நம்பிப் போய் உட்காரக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வந்த அலசலில், 904 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தசைநாண் பற்றும் இடத்திலேயே நேராகக் கொடுத்தபோது வலி குறைந்தது. 820, 830, 1064 நானோமீட்டர்களில் பலன் தெரியவில்லை. அலைநீளம் என்னவென்று சிகிச்சையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி உங்களுக்கும் வேண்டும், அவருக்கும் வேண்டும். இந்த நிவாரணமும் குறுகிய காலத்துக்கானதே.

பயிற்சி மெதுவாகத்தான் வேலை செய்யும். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். சின்ன எடையைப் பிடித்த கையை மறுகையால் மேலே தூக்கிவிட்டு, மெல்ல, மிக மெல்லக் கீழே இறக்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் தசைநாண் சுமைக்குப் பழகுகிறது. வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

எதுவும் செய்யாமல் கைக்கு வேலையைக் குறைத்தாலே பெரும்பாலோருக்கு ஓராண்டில் சரியாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் தேர்வு பயிற்சிதான். வலியால் எடையைப் பிடிக்கவே முடியாதபோது, அதற்குத் துணையாகச் சில வாரம் லேசர். விரல் மரத்தாலோ முழங்கை வீங்கினாலோ இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.