குமுளியில் ‘டிக்கெட் தீர்ந்துபோச்சு’ என்று சொல்பவரை நம்பாதீர்கள்

மலேசியாவின் ஈப்போவில் இருந்து அத்தை மகன் பதினைந்து வருடம் கழித்துக் கம்பத்துக்கு வந்திருந்தான். லீவு பத்து நாள்தான். கல்யாண வீடு, குலதெய்வம் கோயில் எல்லாம் போக அவனுக்கென்று மிஞ்சியது ஒரு நாள். தேக்கடிக் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றான். முன்பு காட்டில் பட்டை உரித்துக் கடத்தியவர்களே திருந்தி, இன்று வனத்துறையோடு வழிகாட்டிகளாக வருகிறார்கள் என்று அவனிடம் நான்தான் சொல்லி ஆசையைக் கிளப்பியிருந்தேன்.

காலையிலேயே லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளியில், கேரள எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். செக்போஸ்ட் தாண்டியதுமே ஒருவர் நல்ல தமிழில் பிடித்துக்கொண்டார். “வனத்துறை டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோச்சு சார். நம்ம ஜீப்ல வாங்க, யானை, காட்டெருமை கண்டிப்பா பாக்கலாம்.” தலைக்கு 1,500 ரூபாய். கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவன் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்துப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஜீப் முக்கால் மணி நேரம் குலுங்கிப் போய் ஒரு இரும்பு கேட்டுக்குள் நின்றது. சீருடை கிடையாது, அட்டைக்கடிக்குக் காலில் கட்டும் துணி உறையும் கிடையாது. வரிசையாக நட்ட செடி, தரையில் கறுப்பு ஹோஸ், மருந்து அடித்த வாடை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். நம் ஊர்ப் பக்கத்தில் இருந்து தினமும் ஜீப்பில் வேலைக்கு வருகிறவர். “இது ஏலத்தோட்டம்ப்பா. காடு அந்தப் பக்கம்ல இருக்கு” என்றார். தேக்கடிக் காடு இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். அதில் ஓரடி நாங்கள் மிதிக்கவில்லை.

திரும்பும்போது அத்தை மகனின் கணுக்காலில் ஏழு அட்டை. கைடு என்று வந்த பையன் உப்புகூட வைத்திருக்கவில்லை. அந்த அக்காதான் மடியில் இருந்த புகையிலையை நனைத்துத் தடவி எடுத்துவிட்டார். சாக்ஸ் முழுக்க ரத்தம். “பரவால்ல மச்சான்” என்றான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஜீப் வாடகையும் தோட்டத்து நுழைவுக் கட்டணமும் போய்விட்டதாம். கொடுத்த சீட்டில் முத்திரையும் இல்லை, பெயரும் இல்லை. சாயங்காலம் வனத்துறை கவுன்டருக்கே போய் விசாரித்தேன். அன்று காலை நடைப்பயணத்துக்கு இடம் இருந்திருக்கிறது.

வெளியூரில் இருந்து ஆள் கூட்டிப் போகிறவர்கள் முதலில் அந்தக் கவுன்டருக்குப் போங்கள், இல்லையென்றால் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்யுங்கள். வழியில் யார் மறித்தாலும் வனத்துறை ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஆள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறார், நேற்றும் பார்த்தேன்.