செம்பனைக்கு நடுவே ஃபோர்ஜி ரவுட்டர்: சில வருட அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் ஃபைபர் பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஓரம் இருக்கிற வீடுகளுக்கு சிம் போடும் ரவுட்டர்தான் கதி. முன்பு த்ரீஜி டாங்கிள் வைத்திருந்தேன். 2021 கடைசியில் நாடு முழுக்க த்ரீஜியை மூடியதும் அது டிராயருக்குள் போய்விட்டது. அப்புறம் வாங்கிய ஃபோர்ஜி ரவுட்டர் இன்றுவரை பழுதில்லாமல் ஓடுகிறது.

பகலில் 30, 40 எம்பிபிஎஸ் வரும், குறையில்லை. இரவு சாப்பாட்டு நேரத்துக்கு மேல் 5 வந்தாலே பெரிது. சிக்னல் கோடுகள் மட்டும் அப்படியே நிற்கும். ஒரு கோபுரத்தின் அலைவரிசையைச் சுற்றுவட்டார வீடுகள் அத்தனையும் பங்கு போட்டுக்கொள்வதால் வரும் சிக்கல் இது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் ஒரே பதில்: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பண்ணியாச்சு.

மழைக்காலம் வேறு கதை. ஃபோர்ஜி ஓடும் 1800, 2600 மெகாஹெர்ட்ஸில் மழைத்துளியால் பெரிய பாதிப்பு இல்லை. நனைந்த ஓலைதான் சிக்னலைத் தின்கிறது. எங்கள் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே செம்பனைத் தோட்டம். மழை விட்டாலும் ஓலை காயும்வரை இணையம் மந்தம்தான்.

ஆகவே கூரைக்கு மேல் இரும்புக் குழாய் நட்டு வெளி ஆன்டெனா மாட்டினேன். செலவழித்ததில் உருப்படியானது இது ஒன்றே. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் பலம் மைனஸ் 112 டிபிஎம் காட்டிக்கொண்டிருந்தது மைனஸ் 97க்கு வந்தது (பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்). சிக்னல் தெளிவாக இருந்தால் கோபுரம் ஒரு குறியீட்டில், அதாவது ஒரு முறை அனுப்பும் அலைத்துணுக்கில், 6 பிட்டோ அதற்கு மேலோ தரவு ஏற்றி அனுப்பும். மோசமானால் 2 பிட்டுக்கு இறங்கிவிடும். கேபிளை மட்டும் குட்டையாக வையுங்கள், நீளமானால் பிடித்த சிக்னலை அதுவே விழுங்கிவிடும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாக விற்கும் ஒற்றைக் கேபிள் ஆன்டெனாவை வாங்காதீர்கள். ரவுட்டரின் பின்னால் இரண்டு துளை இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், இரண்டு ஆன்டெனா வழியாக இரண்டு வேறு தரவு ஓட்டங்கள் வருகின்றன. மைமோ எனப்படும் இந்த முறைக்கு 1992இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமை கேட்டவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில், நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கியவர். 1994இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அவர் தொடங்கிய நிறுவனம் கோபுரத்திலிருந்து வீட்டுக்கு வரும் அதிவேக இணையத்துக்கே இதைப் பயன்படுத்தியது. 2003இல் இன்டெல் அதை வாங்கிக்கொண்டது. பக்கத்து வீட்டு மாமாவிடம் இதைச் சொன்னேன். "நம்மாளு கண்டுபிடிச்சதா? அப்புறம் ஏன் ராத்திரியில வர மாட்டேங்குது?" என்றார்.

இன்னும் தீராதது அப்லோடு. கோபுரம் பல வாட் சக்தியில் அனுப்புகிறது, வீட்டு ரவுட்டருக்கோ சுமார் 0.2 வாட்தான். ஆன்டெனா வந்த பிறகு கொஞ்சம் தேவலை. ஆனாலும் மகள் இரவு வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.