ஆறு கட்டைப் பூட்டுப் புதிர்: உள்ளே இடைவெளி வேண்டுமா, வேண்டாமா?

வெட்டுகள் போட்ட ஆறு மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, பிறகு அவிழ்ப்பதே ஆறு கட்டைப் பூட்டுப் புதிர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தளவாடப் பட்டறையொன்றில் மிஞ்சிய ரப்பர் மரப் பலகைத் துண்டுகளை வாங்கி, அதை இரண்டு வகையாகவும் செய்து பார்த்தேன். ஒன்றில் கட்டைகள் சேர்ந்ததும் நடுவில் துளியும் வெற்றிடம் இராது. மற்றதில் வெளியே தெரியாத வெற்றிடங்கள் உள்ளே இருக்கும். இரண்டுக்கும் 24 மில்லிமீட்டர் சதுரமும் 96 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கட்டைகளே போதும்.

வெற்றிடமில்லாத வகையைச் செய்வது எளிது. குறுக்கே முழுவதும் ஓடும் வெட்டுகளை மட்டுமே கொண்ட 25 வகைக் கட்டைகளால் இதை 314 விதங்களில் கோக்கலாம் என்று புதிர் ஆய்வாளர் பில் கட்லர் 1978இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அவற்றை வாளால் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்து, நடுவை உளியால் தட்டி எடுத்தால் முடிந்தது. இடைவெளியுள்ள வகையிலோ பல கட்டைகளில் வாள் நுழையாத உள்மூலைகள் வரும். அங்கே உளி மட்டுமே போக முடியும், கை சற்றுத் தவறினாலும் விளிம்பு பிய்ந்துவிடும். நான் மூன்று கட்டைகளை அப்படி வீணாக்கினேன். மெராந்தி மரத்தில் முயன்றபோது இன்னும் எளிதாகப் பிய்ந்தது. ரப்பர் மரம் உளிக்கு ஒழுங்காக வழிவிட்டது.

அவிழ்ப்பதில்தான் உண்மையான வேறுபாடு. முதல் வகையில் உள்ளே நகர இடமில்லாததால், முதல் நகர்விலேயே சாவிக் கட்டையோ (முதலில் தனியாக உருவி எடுக்கக்கூடிய கட்டை) கட்டைகளின் ஒரு கூட்டமோ கழன்றாக வேண்டும். நாற்பது ஆண்டுகள் பால் மரம் சீவிய என் அப்பா, கட்டைகளின் முனைகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி, சாவிக் கட்டையை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். இரண்டாவதில், ஒரு கட்டை அரை அங்குலம் நகர்ந்து நின்றதும் அதுதான் சாவி என்று நம்பி இழுத்துக்கொண்டே இருந்தார். அது நின்றதால் திறந்த இடத்துக்குள் வேறொரு கட்டை நகர வேண்டும் என்பது அவருக்கு மறுநாள் மாலைதான் பிடிபட்டது. முதல் கட்டை வெளிவர ஐந்து நகர்வுகள் தேவைப்பட்ட வடிவம் அது. ஆறு கட்டைகளில் எட்டக்கூடிய உச்சம் 12 நகர்வுகள் என்பது, கணினியால் 35 பில்லியனுக்கும் அதிகமான சேர்க்கைகளை ஆராய்ந்து கட்லர் 1990இல் முடித்த ஆய்விலிருந்து தெரியவந்தது.

மழைக்காலத்தில் மரம் ஊதினால் இரண்டுமே இறுகும். ஆனால் இரண்டாவதில், கட்டை இறுக்கத்தால் நிற்கிறதா, அமைப்பால் நிற்கிறதா என்று கைக்குத் தெரியாது. ஆகவே, அதன் வெட்டுகளை உப்புத்தாளால் கூடுதலாக ஒருமுறை தேய்க்க வேண்டும். முதன்முறை உளி பிடிப்பவர் வெற்றிடமில்லாததையே செய்யட்டும். வீட்டில் வைத்து மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்க ஒன்றுதான் வேண்டுமென்றால், மூன்று கட்டைகள் வீணானாலும் நான் இரண்டாவதையே செய்வேன்.