எல்லாச் செயலியும் வரும் என்று சொல்லி விற்கப்பட்ட ஹார்மனி ஃபோன்: வாங்குமுன் படியுங்கள்

இறக்குமதி ஃபோன்கள் விற்கும் கடையில், சீன நிறுவனமான ஹூவாவே ஹார்மனி என்ற தன் சொந்த இயங்குதளத்தோடு விற்கும் ஃபோனை வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் அப்படி ஒரு கடை என் தங்கைக்கு 68,000 ரூபாய்க்கு விற்ற ஃபோனில் வங்கிச் செயலி இயங்கவில்லை, யுபிஐ இயங்கவில்லை. இரண்டும் இயங்கும் என்று உறுதி சொல்லித்தான் விற்றார்கள்.

ஃபோனில் பழுது ஏதும் இல்லை. அதைத் தயாரித்த நிறுவனத்தின் மேலும் எனக்குப் புகார் இல்லை. சீனாவுக்குள் விற்பதற்காக, வீசாட், அலிபே ஆகிய சீனச் செயலிகளிலேயே செய்தியும் பணமும் அனுப்புபவர்களுக்காகச் செய்த ஃபோன் அது. தையற்கடை நடத்தி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, யுபிஐ வழியாகப் பணம் வாங்கும் ஒரு பெண்ணிடம் அதை “ஆண்ட்ராய்டு மாதிரிதான்” என்று சொல்லி விற்றவர் செய்ததுதான் மோசடி. எப்படி விற்றார் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். அந்த விதம் தெரிந்தால்தான் நாளை வேறு ஊரில், வேறு கடையில் அதைப் பார்க்கும்போது உங்களுக்கு அடையாளம் தெரியும்.

நாங்கள் போனபோது விற்பனையாளர் விலையைப் பற்றியோ கேமராவைப் பற்றியோ பேசவில்லை. மேசையின் மேல் ஓர் ஐஃபோனையும் ஓர் ஆண்ட்ராய்டு ஃபோனையும் வைத்து, நடுவில் ஹூவாவே ஃபோனை வைத்தார். “மூன்றையும் நீங்களே தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் மேடம்” என்றார். பிறகு தன் வேலையைத் தொடங்கினார். முகப்புத் திரையில் ஒரு சின்னத்தின் மேல் விரலை வைத்து மேல்நோக்கித் தள்ளினார். சின்னம் அப்படியே விரிந்து ஓர் அட்டையானது. செயலியைத் திறக்காமலே அதில் உள்ளதைப் படிக்க முடிந்தது. திரையின் இடது மேல்மூலையிலிருந்து இழுத்தால் அறிவிப்புகள், வலது மேல்மூலையிலிருந்து இழுத்தால் வைஃபை, ஒலி, வெளிச்சம் முதலிய கட்டுப்பாடுகள். அடுத்து அவர் காட்டியதுதான் தங்கையை அசத்திவிட்டது. திரை நடுவே ஃபோன் ஒரு குமிழாக நிற்கிறது, அருகிலுள்ள டேப்லெட்டும் இயர்போனும் அதைச் சுற்றிச் சிறு குமிழ்களாக மிதக்கின்றன. இயர்போன் குமிழை விரலால் இழுத்து நடுக்குமிழோடு ஒட்டினார். பாட்டு அந்தக் கணமே இயர்போனுக்குப் போய்விட்டது. ப்ளூடூத் பட்டியலைத் திறந்து, பெயரைத் தேடி, இணைக்கவா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் தொல்லை எதுவும் இல்லை.

இவற்றில் பொய் ஒன்றும் இல்லை. இந்த இடைமுகம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சாதனங்களை இணைக்கும் அந்தக் குமிழ்த் திரை, நான் பயன்படுத்திய எந்த ஆண்ட்ராய்டிலும் இல்லாத அளவுக்குத் தெளிவானது. சின்னத்தையே அட்டையாக விரிப்பதும் நல்ல யோசனை; விட்ஜெட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பட்டியலில் தேட வேண்டியதில்லை. மூலைக்கொரு பலகம் என்பது உலகில் வேறெங்கும் இல்லை என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. 2017இல் ஐஃபோன் எக்ஸ் வந்த நாளிலிருந்து ஆப்பிளிடம் அது இருக்கிறது. அதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு மேல் மூன்று ஃபோன்களின் திரைகளையும் ஒப்பிட்டு நாங்கள் மூவரும் உற்சாகமாக வாதாடினோம்.

நடுவில் தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “என் பேங்க் ஆப், யுபிஐ, வாட்ஸ்அப் எல்லாம் இதில் வருமா?” அவர் தயங்கவே இல்லை. “ஹார்மனியில் ஆண்ட்ராய்டு செயலிகள் எல்லாம் ஓடும் மேடம், இதோ பாருங்கள்” என்று மேசையில் இருந்த அதே ஃபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினார். கண்ணெதிரே ஓடியது. அதன் பிறகு உள்ளே போய், முத்திரை பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார்.

மேசையில் இருந்ததும் பெட்டியில் இருந்ததும் ஒரே மாடல்தான், மேட் 70. உள்ளே இருந்த இயங்குதளம் வேறு. ஏமாற்று வேலை நடந்தது இந்த ஓரிடத்தில்தான்.

ஹார்மனிஓஎஸ் என்ற ஒரே பெயரில் அடிப்படையிலேயே வேறான இரண்டு பொருள்கள் இருக்கின்றன. 2019 மே மாதம் அமெரிக்க அரசு ஹூவாவேயைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பின் வந்த அதன் புதிய ஃபோன்களுக்குக் கூகுள் சேவைகள் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹார்மனிஓஎஸ் அறிவிக்கப்பட்டது. 2021 ஜூன் மாதம் இரண்டாம் பதிப்பாக அது ஃபோன்களுக்கு வந்தது. அந்தப் பதிப்பு முதல் நான்காம் பதிப்பு வரை உள்ளே ஆண்ட்ராய்டின் திறந்தமூல நிரல் இருந்தது. ஆகவே ஆண்ட்ராய்டுக்கு எழுதிய செயலிகளை அதில் நிறுவ முடியும். கூகுள் சேவைகளை நம்பியிருக்கும் சில செயலிகள் அதிலும் முரண்டு பிடிக்கும் என்றாலும், பெரும்பாலானவை ஓடும்.

2024 அக்டோபர் 22 அன்று வெளியான ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட், அதாவது ஐந்தாம் பதிப்பு, அந்த ஆண்ட்ராய்டு நிரலை முழுவதுமாக நீக்கிவிட்டது. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸ் கருவும் (கெர்னல்) போய், நிறுவனம் சொந்தமாக எழுதிய கரு வந்தது. ஆண்ட்ராய்டு செயலிகளை நிறுவப் பயன்படும் ஏபிகே கோப்பை அது நேரடியாக நிறுவாது. செயலி எதுவானாலும் அந்த இயங்குதளத்துக்கென்று புதிதாக எழுதப்பட வேண்டும். சீன நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் எழுதின. நம் ஊர் வங்கி எதற்காக எழுதப்போகிறது?

2024 நவம்பரில் மேட் 70 வந்தபோது 4.3, 5 ஆகிய இரண்டு பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. அதனால்தான் ஒரே மாடலில் 4.3ஐக் காட்டி 5ஐ விற்க முடிந்தது. 2025 மார்ச்சில் வந்த ப்யூரா எக்ஸ் முதல் புதிய இயங்குதளம் மட்டுமே உள்ள ஃபோன்கள் வரத் தொடங்கிவிட்டன. வெளித்தோற்றத்தை வைத்து ஒரு சாதாரண வாடிக்கையாளர் 4.3க்கும் 5க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். இரண்டையும் நாள்தோறும் கையாளும் விற்பனையாளருக்கு அது தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த அன்றே உண்மை தெரிந்துவிட்டது. மறுநாள் கடைக்குப் போனோம். அவர் ஹூவாவே செயலிக்கடையிலிருந்து ஓர் இடைநிலைச் செயலியை நிறுவினார். ஃபோனுக்குள் ஒரு தனி ஆண்ட்ராய்டுச் சூழலை உருவாக்கி, வெளிநாட்டுச் செயலிகளை அதற்குள் ஓட்டுகிற வகை அது. வாட்ஸ்அப் திறந்தது. “பார்த்தீர்களா, அவ்வளவுதான்” என்றார். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், திரை பூட்டியிருக்கும்போது வாட்ஸ்அப் செய்தி வந்ததற்கான அறிவிப்பே வரவில்லை. ஆர்டர் அனுப்பிய வாடிக்கையாளர்கள் பதில் கிடைக்காமல் வேறு கடைக்குப் போனார்கள். வங்கிச் செயலி இது பாதுகாப்பான சாதனம் இல்லை என்று சொல்லித் திறக்க மறுத்தது. யுபிஐ செயலி பதிவின்போது அந்த ஃபோனில் உள்ள சிம்மிலிருந்தே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, எண்ணையும் சாதனத்தையும் சேர்த்துப் பிணைக்கும். இடைநிலைச் சூழலுக்குள் இருந்து அந்தக் குறுஞ்செய்தி போகவே இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் சரிபார்க்க முடியவில்லை என்று வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.

மீண்டும் போனபோது பேச்சு மாறிவிட்டது. “அப்டேட் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் சார்” என்றார். அப்டேட் வந்தாலும் நீக்கிய ஆண்ட்ராய்டு திரும்பி வரப்போவதில்லை என்று நான் விளக்கியதும், “நீங்கள்தானே மூன்று ஃபோனையும் பார்த்து இதுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள்” என்று திருப்பிவிட்டார். அரை மணி நேரம் எங்களோடு வாதாடியது எதற்காக என்பது அப்போது விளங்கியது. வாசல் கோலத்தைக் காட்டி வீட்டை விற்ற கதைதான். திரையின் அழகைப் பற்றி நாங்கள் சொன்ன பாராட்டு ஒவ்வொன்றும், எல்லாம் தெரிந்தே வாங்கினோம் என்பதற்கு அவருக்குச் சாட்சியமாகிவிட்டது.

இடைமுகங்களை ஒப்பிட்டுக் காணொளி போடுபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். புதிய இயங்குதளம் ஒன்று வரும்போதெல்லாம் எது அழகு, எது வேகம் என்ற விவாதம் சூடு பிடிக்கிறது. அந்த விவாதத்தில் வென்றவை சந்தையில் நின்றனவா? 2009 ஜனவரியில் பாம் என்ற அமெரிக்க நிறுவனம் காட்டிய வெப்ஓஎஸ் என்ற ஃபோன் இயங்குதளம், திறந்திருக்கும் செயலிகளை அட்டைகளாக வரிசைப்படுத்தி, மேலே தள்ளினால் மூடும் முறையைக் கொண்டுவந்தது. இன்று ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் நாம் நாள் முழுவதும் செய்வது அதைத்தான். அதை வடிவமைத்த மட்டியாஸ் துவார்த்தே 2010இல் கூகுளுக்குப் போய் ஆண்ட்ராய்டை வடிவமைத்தார். பாம் நிறுவனத்தை வாங்கிய எச்பி 2011 ஆகஸ்டில் வெப்ஓஎஸ் ஃபோன்களையும் டேப்லெட்டையும் கைவிட்டது.

மைக்ரோசாஃப்டின் இயங்குதளமான விண்டோஸ் ஃபோனின் கதை இன்னும் வருத்தமானது. 2010இல் அது வந்தபோது ஐஃபோனின் சின்னங்களின் வரிசைக்கு மாற்றாக, தாமாகவே தகவல் மாறிக்கொண்டிருக்கும் சதுரக் கட்டங்களான ‘உயிருள்ள ஓடுகளை’ முன்வைத்தது. வானிலை, மின்னஞ்சல், தவறிய அழைப்பு என எல்லாமே ஓடுகளின் மேலேயே தெரிந்தன. பளபளப்பும் நிழலும் இல்லாத தட்டையான வடிவம், பெரிய எழுத்து. 2013இல் ஐஓஎஸ் 7 தட்டை வடிவத்துக்கு மாறியபோது, இதை விண்டோஸ் ஃபோன் முன்பே செய்துவிட்டது என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். நோக்கியா லூமியா 520 விலை குறைவான ஃபோன். அதிலும் அந்தத் திரை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கூகுள் தன் செயலிகளைக் கொண்டுவரவில்லை. மைக்ரோசாஃப்டே யூடியூப் செயலி ஒன்றை எழுதி வெளியிட்டபோது, 2013இல் கூகுள் அதையும் தடுத்தது. இன்ஸ்டகிராம் வருவதற்கே 2013 இறுதி ஆகிவிட்டது. 2019 டிசம்பர் 31உடன் வாட்ஸ்அப் விடைபெற்றது. 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கடைசி ஃபோன் இயங்குதளத்துக்கான ஆதரவையும் நிறுத்திக்கொண்டது.

ஹார்மனிக்கும் அதே கதி என்று நான் சொல்லவில்லை. சொந்த நாட்டில் அதற்குப் பெரிய சந்தையும் செயலிகளும் உள்ளன. இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குபவருக்கு மட்டும் அது செயலி இல்லாத ஃபோன்.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிடைத்த காகிதத்தில் “மொபைல் – 1” என்றும் தொகையும் மட்டுமே இருந்தன. மாடல் பெயர் இல்லை, ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. கீழே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்துப் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளின் பயனைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதும், முறையான பில் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். அப்படி ஒரு முத்திரையால் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட முடியாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். கடைக்காரர் பாதித் தொகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், தங்கை மறுத்துவிட்டாள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இப்போது இணையம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக்கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். பணம் செலுத்திய வங்கிப் பதிவும், எல்லாச் செயலியும் வரும் என்று கடைக்காரர் பின்னர் வாட்ஸ்அப்பில் எழுதிய ஒரு வரியும் எங்களிடம் இருக்கின்றன. வாய்ப்பேச்சை மட்டும் நம்பியிருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது. வாங்கும் முன் இந்த உறுதிமொழியை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

கடையில் நிற்கும்போது காட்சிக்கு வைத்த ஃபோனைச் சோதிக்காதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அந்த ஃபோனைக் கையில் வாங்குங்கள். அமைப்புகளில் ‘ஃபோனைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால் ஹார்மனிஓஎஸ் எந்தப் பதிப்பு என்று இருக்கும். 5 அல்லது அதற்கு மேல் என்றால், ஆண்ட்ராய்டு செயலி ஓடும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார் அல்லது இடைநிலைச் செயலியை மனத்தில் வைத்துச் சொல்கிறார். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பிறகு உங்கள் சிம்மை அதில் போட்டு, உங்கள் வங்கிச் செயலியைப் பதிவு செய்து, யுபிஐயில் வீட்டில் ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். சிம் போட்டுச் சோதிக்க அனுமதிக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால் அங்கே வாங்க வேண்டாம்.